கொம்பு நரிக்குக் காத்திருந்த கோடை

லாஸ்பேட்டையில் நரி இருந்தது என்று சொன்னால் என் மகன் சிரிக்கிறான். "நாலு கால் நரியாம்மா?" என்கிறான். அவன் பார்த்ததெல்லாம் அடுக்குமாடி வீடுகளும் ஸ்கூட்டர்களும்தான். அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கும் என் வயது. ஏர்போர்ட் மேட்டுக்குப் பின்னால் கருவடிக்குப்பம் வரைக்கும் முந்திரிக்காடாகக் கிடந்த காலத்தில் நீங்களும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழம் பொறுக்கியவர்கள். முந்திரிக்கொட்டையின் பால் பட்டு உதட்டோரம் வெந்த தழும்பு உங்களில் யாருக்காவது இன்னும் இருக்கும். எனக்கு இருக்கிறது. தொட்டால் இப்போதும் சற்றே சொரசொரக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. நாங்கள் அரசாங்க குவார்ட்டர்ஸில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை. அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டாள். ஒரு கல்லூரியில் விலங்கியல் பிரிவில் லேப் அசிஸ்டென்டாக வேலை. மருந்துத் தண்ணீரில் தவளையும் பாம்பும் ஊறிக்கொண்டிருக்கும் கண்ணாடி பாட்டில்களைத் துடைத்து, மருந்து மாற்றி, பெயர் எழுதி ஒட்டுவது அவள் பொறுப்பு. எத்தனை எலுமிச்சைத் தோல் தேய்த்தாலும் அந்த மருந்து வாடை அவள் விரல்களை விட்டுப் போகாது. அவள் எனக்குத் தலை பின்னும்போது என் கூந்தலிலும் அது ஏறிக்கொள்ளும்.

அத்தையால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதே தட்டோடு ஜன்னலுக்குப் போவாள். இரவில் பாயில் படுத்தால் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கும். கூடத்தில் நானும் அவளும் ஒரே பாய். பாய் சரசரக்கும் சத்தத்தில்தான் நான் தூங்குவேன். "இவளுக்குக் காலுல சக்கரம்" என்பாள் அம்மா. தங்கைக்கு இருபத்தேழு வயதாகிறது என்ற கவலை அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் மாதிரி எப்போதும் நெஞ்சிலேயே இருந்தது.

அந்த வருஷம் பெண் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், அத்தையை நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். ஒரு மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பிறகு தன் கையை மூக்கருகே கொண்டுபோய், "ஆஸ்பத்திரியிலயா வேலை?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அவர்கள் சொல்லியனுப்பவில்லை. அன்று சாயங்காலம் மிஞ்சின கேசரியை நானும் அத்தையும் மொட்டை மாடியில் வைத்துத் தின்றோம். தூரத்தில் ஓடுபாதை தெரிந்தது. விமானமே வராத ஏர்போர்ட் அது; ஆடுகள் மேயும். அதற்கும் பின்னால் முந்திரிக்காடு இருட்டிக்கொண்டு வந்தது. அங்கிருந்து ஒரு ஊளை. பிறகு பல ஊளைகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு.

அத்தை கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எத்தனை பேரு வந்து என்னைப் பாத்துட்டுப் போயிட்டாங்க," என்றாள். "நான் ஒரே ஒண்ணைப் பாக்கணும்டி. பாட்டில்ல இல்லாம, உசுரோட, நடந்து வர்ற மாதிரி ஒண்ணை."

கொம்பு நரி என்ற பேச்சை எடுத்தது மீன்காரம்மா. காலாப்பட்டுக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வருவாள். அம்மா மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை ஊளையைப் பற்றிக் கேட்டாள்.

"அதுல தலைவன் ஒண்ணு இருக்கும்மா. அதுக்குத்தான் கொம்பு," என்றாள் மீன்காரம்மா. "சும்மா நின்னா தெரியாது. தலையத் தொங்கப் போட்டு ஊளையிடும் பாரு, அப்பத்தான் மயிருக்குள்ளேர்ந்து எழும்பும். கட்டை வெரல் அளவு. அதைக் கண்ணால பாத்தவங்க நெனைச்சது நடக்கும்."

"நீ பாத்திருக்கியா?"

"எங்க மாமியா பாத்துது."

"நெனைச்சது நடந்துச்சா?"

"எங்க மாமனாரு செத்தாரு," என்றாள் மீன்காரம்மா. அம்மா சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. "காலங்காத்தால நரி முகத்துல முழிச்சா நல்லதுன்னு சொல்லுவாங்கதான். அதுக்காக நரியத் தேடிப் போயா முழிப்பாங்க?" என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவ உள்ளே போனாள். அத்தை சிரிக்கவில்லை. நரியை வரவழைக்க என்ன வைக்கணும் என்று மீன்காரம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். நண்டு ஓடும் கருவாட்டுத் தலையும் என்று பதில் வந்தது.

கல்லூரி விடுமுறையில் அத்தைக்குப் பத்து மணிக்குப் போனால் போதும். விடியற்காலையில் பால் பூத்துக்குப் போவது எங்கள் வேலை. அந்நாளைய வரிசை உங்களுக்குத் தெரியும்; ஒரு கல்லையோ கூடையையோ இடத்தில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை அதுதான் நாம். நாங்கள் எங்கள் கல்லை வைத்துவிட்டு, பால் தூக்கை ஆட்டிக்கொண்டு முந்திரிக்காட்டுக்கு நடப்போம். என் தூக்கினுள் பாலுக்குப் பதிலாகக் கருவாட்டுத் தலை இருக்கும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டுக் காபியில் கருவாடு மணந்தது. அப்பா பால்காரனைத் திட்டினார்.

முதல் நாள் எங்கள் பின்னால் குவார்ட்டர்ஸ் நாய்கள் எல்லாம் வந்தன. அத்தை கல்லெடுத்தாள், கெஞ்சினாள், கடைசியில் ஒரு கருவாட்டுத் தலையைத் தூர எறிந்து அவை சண்டை போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். காட்டுக்கு நடுவே மழைத்தண்ணீர் அறுத்த செம்மண் ஓடை ஒன்று உண்டு. கோடையில் வறண்டு, இரண்டு பக்கமும் கரை ஆளுயரத்துக்கு நிற்கும். ஓடைக்குள் நண்டு ஓட்டைப் பரப்பிவிட்டு, கரைமேல் தாழ்ந்து மண்ணைத் தொடும் முந்திரிக் கிளைக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டோம். முந்திரிப்பழத்தின் புளித்த வாடை. எறும்பு. அத்தையின் மூச்சு. வந்தது காக்கை.

இப்படிப் பல விடியல்கள். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நாம் நினைக்கிறோம். அத்தைக்கு அது பெரிய வேலை. ஆடிக்கொண்டேயிருந்த அந்தக் கால் கட்டைவிரல் அங்கே மட்டும்தான் ஆடாமல் இருந்தது. நான்தான் நெளிவேன். "எப்ப வரும்?" என்று கேட்பேன். "நாளைக்கு" என்பாள், ஏதோ அது அவளிடம் சொல்லிவிட்டுப் போன மாதிரி.

ஒருநாள் கோடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஓடைச் சேற்றில் தடம் இருந்தது. நாய்த்தடத்தைவிட ஒடுக்கமாக, ஒரே நேர்க்கோட்டில், நடந்தவருக்குப் போகும் இடம் தெரிந்த மாதிரி. பக்கத்தில் விட்டை. அத்தை ஒரு குச்சியால் அதைக் கிளறி, "பாருடி, நண்டு ஓடு! நம்ம நண்டு!" என்று கத்தினாள். ஒரு பெண் அத்தனை சந்தோஷப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. கலியாண வீடுகளில்கூட.

அதன் பிறகு அவள் யோசனைகள் வேகமெடுத்தன. வாசனைதான் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்றாள். மறுநாளிலிருந்து பூ வைப்பதை விட்டாள். பவுடர் போடவில்லை. சோப்பைக்கூடத் தொடவில்லை. காட்டுக்குள் போனதும் முந்திரிப்பழத்தைக் கசக்கிக் கையிலும் கழுத்திலும் பூசிக்கொள்வாள். செம்மண்ணை அள்ளிப் புடவையில் தேய்த்துக்கொள்வாள். எனக்கும் பூசிவிட்டாள். வரும் வழியில் முனிசிபல் குழாயில் முகம் கழுவிக்கொண்டு, எங்கள் கல்லைத் தேடி வரிசையில் நிற்போம்.

அப்புறம் சங்கு. கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குப் போகும் ஊர்வலங்கள் எங்கள் பக்கமாகத்தான் போகும். சாயங்காலம் சங்கு ஊதிக்கொண்டு போனால் காட்டிலிருந்து பதில் ஊளை வருவதை அத்தை கவனித்திருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் ஒருவரிடம் உள்ளங்கையில் அடங்காத ஒரு சங்கை வாங்கி, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. கன்னம் வலிக்க மூன்று நான்கு நாள் குளியலறையில் ஊதிப் பார்த்தாள். பிறகு ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில், மொட்டை மாடியில், அவளே எதிர்பாராமல் அது பிடித்துக்கொண்டது. நீளமாக, கனமாக, தெரு முழுக்க.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தார். சங்கு கேட்டதும் தெருவே அவர் வீட்டுக்கு ஓடியது. எதிர்வீட்டு அம்மா தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அழுதபடியே போனாள். கூட்டத்தைப் பார்த்துப் பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "யாரு போயிட்டா?" என்று கேட்டாராம்.

அம்மா மாடிக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. "வெளக்கு வைக்கிற நேரத்துல எழவு சங்கா? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்கடி!" அப்பா சங்கை வாங்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டார். அந்தக் கூச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரவு பாயில் அத்தை என் காதில் சொன்னாள்: "பதில் வந்துதுடி. நான் கேட்டேன்."

மறுநாள் வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. சங்குக் கதை அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டது.

எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை அப்படித்தான் சொல்வோம். மனைவியை இழந்தவர், அப்பாவைவிட மிகவும் மூத்தவர், வாசலில் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அத்தை ஒருநாள் அவரிடம் நின்று பேசினாள். அவர் உள்ளே போய்த் தோல் உறையோடு தூரக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "ழுமேல்" என்றார் அதை. "நரி வந்தா எனக்கும் வந்து சொல்லுங்க, மத்மசேல்" என்று, கலியாணமாகாத பெண்களை அழைக்கும் பிரெஞ்சு மரியாதையோடு, தொப்பியைத் தொடுவதுபோல் நெற்றியைத் தொட்டார். அந்த ழுமேலைக் கண்ணில் வைத்தால் ஓடையின் எதிர்க்கரைச் செடியில் முள் முள்ளாகத் தெரியும். உறையின் உட்புறம் பழைய புகையிலை வாசனை. அது பிறகு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. அப்பா திருப்பிக் கொடுத்தாரா, பரணில் போட்டாரா, யாரும் கேட்கவில்லை.

இப்போது அதையெல்லாம் அம்மாவின் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். கலியாணம் தட்டிப்போய்க்கொண்டே இருக்கிற பெண். திடீரென்று பூ வைப்பதில்லை, பவுடர் போடுவதில்லை. விடியும் முன்னே வெளியே போகிறாள். பால் வாங்க ஒரு மணிநேரத்துக்கு மேலாகிறது. முழங்கையில் கீறல். துவைக்கப் போட்ட புடவையை அம்மா விரித்துப் பார்க்கிறாள்: முதுகுப் பக்கம் முழுக்கச் செம்மண். அங்கங்கே முந்திரிக்கறை, எந்தச் சோப்புக்கும் போகாத கறை. அத்தையின் பெட்டியில், மடித்த துணிகளுக்கு நடுவே, ஓர் ஆணின் தூரக்கண்ணாடி.

அம்மா கெட்டவள் இல்லை. அவள் கூட்டிய கணக்கில் தப்பும் இல்லை. விடைதான் தப்பு.

அப்பா என்னை நாற்காலிக்கு முன்னால் நிற்க வைத்தார். அம்மா கதவைச் சாத்தினாள். அத்தை வேலைக்குப் போயிருந்தாள்.

"காலையில ரெண்டு பேரும் எங்க போறீங்க?"

"பால் வாங்க."

"பாலுக்கு முன்னாடி?"

மறைக்கச் சொல்லி அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. "முந்திரிக்காட்டு ஓடைக்குப்பா."

"அங்க யாரு வராங்க?"

"இன்னும் வரலப்பா. வந்துட்டுப் போன தடம்தான் இருந்துச்சு. நாளைக்கு வரும்னு அத்தை சொல்றாங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"யாருடி நாளைக்கு வரும்?" என்றார் அப்பா.

"கொம்பு நரி."

கன்னத்தில் அறை விழுந்தது. அப்பா என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். "பச்சப் புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்திருக்கா," என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு வலியைவிடத் திகைப்புத்தான். உண்மையைச் சொன்னால் அடி விழாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

சாயங்காலம் அத்தை வந்தாள். மேஜைமேல் தூரக்கண்ணாடி இருந்தது.

"இது யாரு குடுத்தா?"

"சொல்தா வீட்டுப் பெரியவருண்ணா. போய்க் கேட்டுப் பாரு."

"கேக்குறேன். 'எந்தங்கச்சிக்கு ஏன் குடுத்தீங்க'ன்னு கேக்குறேன். அவரு நாலு பேருகிட்ட அதையே கேப்பாரு. ஊருக்கே தெரியும்." அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "இதை வச்சுக்கிட்டு எவனம்மா எட்டிப் பாக்குற?"

"எவனையாவது பாக்கணும்னா பக்கத்துல போய்ப் பாத்துக்க மாட்டனா? தூரக்கண்ணாடி எதுக்குண்ணா?"

பதில் இல்லாதபோது பெரியவர்கள் செய்வதை அப்பா செய்தார். விழுப்புரத்தில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர், மனைவி இறந்து வருஷமாகவில்லை, அத்தையைவிட வெகு மூத்தவர், ஜாதகம்கூடக் கேட்காமல் சரி என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை நேரில் போய் முடித்துவிடுவதாக அப்பா சொன்னார். அதுவரை அத்தை வேலைக்குத் தவிர எங்கும் போகக்கூடாது. பால் வாங்க அம்மா போனாள்.

அந்த நாட்கள் மாதிரி நீளமான நாட்களை நான் அப்புறம் பார்த்ததில்லை. அத்தை கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவில் பாய் ஓயாமல் சரசரத்தது. "எனக்கு வேணாம்ணா" என்று ஒருமுறை சொன்னாள். அப்பா பேப்பரைத் திருப்பினார். எனக்கோ காட்டுக்குப் போக முடியவில்லையே என்ற தவிப்பு. அரிசி மண்டியைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. நாங்கள் இல்லாதபோது நரி வந்து, பார்த்து, போய்விடுமோ என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை இருட்டோடு அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, குடையை எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று கிளம்பிப் போனார். சிறிது நேரத்தில் அம்மா தலைவலி என்று நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேருமே போய்ப் பால் வாங்கிட்டு வந்துடுங்க. நேரா வந்துடணும்," என்றாள்.

அது கண்ணி என்று இப்போது தெரிகிறது. நாங்கள் நரிக்குக் கருவாட்டுத் தலை வைத்த மாதிரி, வராத ஓர் ஆணுக்கு அவர்கள் எங்களை வைத்தார்கள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கதவு திறந்துவிட்டது என்பதுதான். அத்தை தெருமுனையில் ஒரு கணம் நின்றாள். பூத் இடது பக்கம். "கடைசியா ஒருதரம்," என்று வலது பக்கம் திரும்பினாள்.

எங்களிடம் அன்று நண்டு இல்லை, கருவாடு இல்லை, தூரக்கண்ணாடி இல்லை. தலையில் எண்ணெய் வாசனைகூட இருந்தது. கிளைக்கடியில் புகுந்து படுத்தோம். வெளுத்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஆள்காட்டிக் குருவி விடாமல் கத்தியது.

"அங்க யாரோ ஆளு இருக்காங்கடி," என்றாள் அத்தை என் காதில்.

அப்போதுதான் ஓடை வளைவில் அது வந்தது. செம்மண்ணே ஒரு பிடி எழுந்து நடந்து வருகிறதோ என்றிருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. எங்களுக்குக் கீழே, தூக்கை எறிந்தால் விழும் தூரத்தில், எங்களைக் கடந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முதுகில் கறுப்பு மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது. வால் நுனி கறுப்பு. எதிர்க்கரையை அண்ணாந்து பார்த்தது. அத்தையின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. நரி மெதுவாகத் தலையைக் குனிந்தது.

எதிர்க்கரைப் புதரிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை எழுந்தது. கையில் மடக்கிய குடை, அடிக்க ஓங்கிய மாதிரி. அப்பா. நரிக்கும் அவருக்கும் நடுவே அந்தச் சின்னக் கரைச்சரிவு மட்டும்தான். நரி ஓடவில்லை. குனிந்த தலையோடு, இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டது. அப்பாவும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு ஓடையில் ஒன்றும் இல்லை. போனது எனக்குத் தெரியவே இல்லை.

அத்தை எழுந்து நின்றாள். புடவையெல்லாம் சருகு. "அண்ணா" என்றாள். அதில் கோபம் இல்லை. பயமும் இல்லை. நீயும் பாத்தியா என்று கேட்கிற குரல்.

அப்பா இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், எங்கள் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். நரி எந்தப் பக்கம் ஓடியது என்று தேடுகிறார் என நினைத்தேன். வெகுநேரம் தேடினார். கடைசியில் குடையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"பால் வாங்கியாச்சா?"

மூவரும் வரிசையில் நின்று பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். அப்பா முன்னால் நடந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகில் செம்மண்.

அன்றே அவர் விழுப்புரம் போனார். ஜாதகம் பார்த்ததில் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். யாரும் பார்க்காத ஜாதகம். காரணத்தை வீட்டில் சொல்லவில்லை. அத்தையிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. காட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தங்கை நரி பார்க்கப் போனாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ. அவர் வாயைத் திறக்காததால் அம்மாவின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. "நேருலயே பாத்துட்டாரு, அதான் வாயடைச்சுப் போச்சு" என்று எதிர்வீட்டு அம்மாவிடம் அழுதாள். என்னைத் தனியே கூப்பிட்டு, அப்பா அங்கே யாரைப் பார்த்தார் என்று கேட்டாள். நரியை என்றேன். அவள் அடிக்கவில்லை. அப்பா அடித்த அதே கன்னத்தை இரக்கத்தோடு தடவிக் கொடுத்தாள். எனக்கு அறையே மேல் என்று தோன்றியது.

மாஹேயில் ஒரு வேலை காலியாக இருந்தது. நம் ஊர் அரசாங்கம்தான் என்றாலும் மலையாளக்கரை; இங்கிருந்து யாரும் போக விரும்பாத இடம். அத்தை எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மழைக்காலம் தொடங்கும்போது ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பினாள். பஸ் நகரும் முன்பே ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்களை அல்ல, ரோட்டை. தீபாவளிக்கு வருவாள், பொங்கலுக்கு வருவாள். அப்பாவும் அவளும் எல்லாவற்றையும் பேசுவார்கள், அந்தக் காலையைத் தவிர. நாற்பது வயதுக்கு மேல் அங்கேயே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கலியாணம் செய்துகொண்டாள். அப்பா போய் முன்னே நின்று நடத்தினார். தாலி கட்டும்போது அம்மா என் பக்கம் சாய்ந்து, "முந்திரிக்காட்டு ஆளு இவருதானோ?" என்று கேட்டாள்.

காடு போய்விட்டது. உங்களுக்கே தெரியும். மனைக் கற்கள், பிறகு கல்லூரிகள், பிறகு வீடுகள். ஓடை இருந்த இடத்தில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க நான் ஒருநாள் ஸ்கூட்டரில் சுற்றிச் சுற்றி வந்தேன். முடியவில்லை. இன்னமும் விடியும் முன்னே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன், எதையோ தவறவிட்டுவிடுவேன் என்ற மாதிரி.

அம்மா இப்போது இல்லை. அத்தையின் கணவரும் போய்விட்டார். போன வருஷம் அத்தை இங்கே வந்து ஒரு மாதம் இருந்தாள். எழுபத்தைந்து வயதிலும் அவள் இன்னும் பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது; ஒரு காது சுத்தமாகக் கேட்காது. ஒரு சாயங்காலம் நாங்கள் மூவரும் பால்கனியில் இருந்தோம். தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழ்ந்து போனது. இப்போது நிஜமாகவே விமானம் வருகிறது. சத்தம் அடங்கியதும் அத்தை நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும் உன்னை."

"கேளு."

"அன்னிக்கு நீ முன்னாலேர்ந்து பாத்த. எங்களுக்கு முதுகுதான் தெரிஞ்சுது. தலையக் குனிஞ்சு சத்தம் போட்டுதே. அப்ப கொம்பு இருந்துச்சா?"

எந்த அன்றைக்கு என்று அப்பா கேட்கவில்லை. கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அதைப் பாக்கலம்மா," என்றார்.

"எதுத்தாப்புல நின்னியேண்ணா! தொடுற தூரத்துல!"

"நின்னேன். அதுக்குப் பின்னாடி யாரு வராங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். அது போனப்புறம் உங்களுக்குப் பின்னாடி யாருன்னு பாத்தேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "ஒருத்தனும் இல்ல."

அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அவள் கோபப்படுவாள், இல்லையென்றால் சிரிப்பாள் என்று நான் காத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. அப்பாதான் பேசினார். எப்போதும் உத்தரவு மாதிரி இருக்கும் அவர் குரல் அன்று அப்படி இல்லை.

"எப்படிம்மா இருந்துச்சு அது?"

அத்தை திரும்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து, அவருடைய கேட்கிற காதுப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல ரெண்டு காது தெரிஞ்சுதுண்ணா," என்று ஆரம்பித்தாள்.